தறி நின்றால் விழிக்கும் குழந்தை

சோமனூரில் கொஞ்ச நாள் இருந்தால் யாருக்கும் குரல் பெரிதாகிவிடும். விடிந்ததும் ஓடத் தொடங்கும் விசைத்தறிகளுக்கு மேலே பேசியாக வேண்டும். விமலாராணி கோயமுத்தூர் டவுனிலிருந்து கல்யாணமாகி அங்கே வந்த முதல் வாரம், கணவர் ஞானமுத்து தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்து அழுதாராம். அந்த மனிதர் சாப்பிட வரச்சொல்லித்தான் கத்தியிருக்கிறார்.

இப்போது விமலாராணிக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருடமாகப் பால்வாடி டீச்சர். சோமனூரில் அவர் நடத்திய மையம் ஒரே அறை, பக்கத்தில் ஒரு சமையல்கட்டு, முன்னால் கொஞ்சம் வாசல், வாசலுக்கு ஒரு இரும்பு கேட்டு. கேட்டைத் தாண்டினால் நூல் லாரிகள் போய்வரும் ரோடு. இருபத்திரண்டு குழந்தைகள். சமைக்கவும் குழந்தைகளைக் கழுவிவிடவும் ஆயா ராசாத்தாள்.

இரண்டு வருடம் முன்பு ஜூன் மாதம் சைத்ரா வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இரண்டே முக்கால் வயது. பதினாறு தறி ஓட்டும் சுந்தரராஜுலுவின் பேத்தி. வசதியான வீடு. அந்த வீட்டுக் குழந்தை பால்வாடிக்கு வருவதே தெருவில் பேச்சாக இருந்தது. கொண்டுவந்து விட்டவள் அவள் அம்மா மானசா. இருபத்தாறு வயதுப் பெண்.

“இன்னும் பேச்சு வரலீங்க டீச்சர். மத்த கொழந்தைகளோட சேந்தா வந்துரும்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் அனுப்பறனுங்க” என்றாள்.

“வரட்டும் அம்மணி. நாம பேச வெச்சரலாம்” என்றார் விமலாராணி. எல்லா அம்மாக்களிடமும் சொல்கிற வார்த்தைதான்.

சைத்ரா துறுதுறுவென்று இருந்தாள். மரக்கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குவாள். வேண்டியதைக் கைபிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள். சிரித்தால் கன்னம் குழியும். பார்க்கிற யாரும் இவளிடம் ஒரு குறை இருக்கும் என்று நினைக்கமாட்டார்கள்.

மூன்றாவது வாரம், பாட்டுப் பாடிக் கைதட்டும் நேரத்தில்தான் விமலாராணிக்கு உறுத்தியது. சைத்ரா எல்லோரையும் போலத்தான் தட்டினாள். ஆனால் ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் பிந்தி விழுந்தது. அவள் கண்கள் பக்கத்துக் குழந்தையின் கைமேல் இருந்தன. அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விமலாராணி பாட்டை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, “சைத்ரா கண்ணு” என்று கூப்பிட்டார். மற்ற இருபத்தொரு தலைகளும் திரும்பின. பிறகுதான், அவர்கள் திரும்புவதைப் பார்த்து, இவள் திரும்பினாள்.

அன்று மதியம் குழந்தைகள் தூங்கும்போது அவர் ராசாத்தாளிடம் சொன்னார். “அக்கா, இந்தப் புள்ளைக்குக் காது கேக்கலீன்னு தோணுது.”

“சும்மா இருங்க டீச்சரு. நேத்து சோத்துக் குண்டாவக் கீழ போட்டுட்டேன், டக்குனு திரும்பிப் பார்த்துச்சே?”

அதுவும் உண்மைதான். விமலாராணி அடுத்த ஒரு வாரம் ரகசியமாகச் சோதித்துப் பார்த்தார். தகர டப்பாவைத் தரையில் தட்டினால் திரும்பினாள். அதே டப்பாவைக் கையில் தூக்கிப்பிடித்துத் தட்டினால் திரும்பவில்லை. ஒருநாள் விசில் ஊதினார். திரும்பினாள். மறுநாள் ஊதினார். திரும்பவில்லை. முதல் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் தன் நிழல் ஆடியிருக்குமோ என்று யோசித்தார். நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நிச்சயமில்லாமல் சொல்வதற்கு அவர் பயந்தார். சொல்லாமல் இருப்பதற்கு அதைவிடப் பயந்தார். காரணம் அஃபான்.

ஒன்பது வருடம் முன்பு அவரிடம் படித்த பையன். அவனும் இப்படித்தான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒருமுறை அவன் அம்மாவிடம் லேசாகச் சொல்லிப்பார்த்தார். “வெளையாட்டுப் புத்திங்க டீச்சர்” என்றாள் அவள். நமக்கெதற்கு, பெற்றவளுக்குத் தெரியாதா என்று விமலாராணியும் விட்டுவிட்டார். ஏழு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில், “ரெண்டு வயசுல, மூணு வயசுல கொண்டாந்திருந்தா நெறைய செஞ்சிருக்கலாம்” என்றார்களாம். அந்த அம்மா கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. வந்து சொல்லிவிட்டுப் போனாள். விமலாராணி அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகாமல் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

எனவே இந்த முறை சொன்னார். சாயங்காலம் கூட்டிப்போக வந்த மானசாவை ஓரமாகக் கூப்பிட்டு, “ஒருக்கா காது டாக்டர்கிட்டக் காமிச்சரலாம் அம்மணி” என்றார்.

மானசாவின் முகம் வெளுத்துப்போனது. உடனே தலையை ஆட்டினாள். “இல்லீங்க டீச்சர். காது நல்லாக் கேக்குமுங்க. கரண்டு போயித் தறி நின்னா, தூக்கத்துல இருந்து எந்திரிச்சு உக்காந்துக்குவா. சத்தம் நின்னது தெரியாமயா முழிக்கறா?”

சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

அடுத்த நாள் குழந்தை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் விமலாராணி சத்துமாவுப் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனார். முன்புறம் தறிக்குடோன், அதன் பின்சுவரை ஒட்டி வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். சைத்ரா கூடத்துத் தரையில் கன்னத்தை ஒட்டவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சுந்தரராஜுலு நாற்காலியில் இருந்தார். கறாரான மனிதர், மரியாதை தெரிந்தவர். கோபத்திலும் ‘ங்க’ குறையாது.

“வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. எங்க ஊட்டுக் கொழந்தைக்குச் செவிடுன்னு பட்டம் கட்டிட்டீங்களாமா?”

“அப்படிச் சொல்லலீங்க ஐயா. ஒரு டெஸ்ட் எடுத்துப்போட்டா சந்தேகம் தீந்துருமுங்க.”

“இங்க ஊட்டுக்குள்ள தெலுங்கு. வெளிய தமிழு. கொழந்தைக்கு ரண்டும் கலந்து நிக்குது. அவ அப்பனே நாலு வயசுலதான் பேசுனான். இல்லீங்களாப்பா ரவி?”

குடோன் வாசலில் நின்ற ரவிதேஜா, சைத்ராவின் அப்பா, கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தான்.

“பொட்டப்புள்ளைங்க டீச்சரம்மா. ஒரு வார்த்தை வெளிய போனா அது அவ கல்யாணம் வரைக்கும் நிக்கும். உங்களுக்கு அது புரியோணும்.”

“புரியுதுங்க. ஆனா இப்ப விட்டுப்போட்டா...”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. பதினாறு தறிகளும் ஒரே மூச்சில் நின்றன. காது அடைத்துக்கொண்டதுபோல ஒரு அமைதி. தரையில் கிடந்த சைத்ரா கண்ணைத் திறந்தாள், எழுந்து உட்கார்ந்தாள், அழத் தொடங்கினாள்.

“பாத்துக்குங்க!” என்றார் சுந்தரராஜுலு. “இதுக்கு மேல என்னங்க டெஸ்ட் வேணும்?”

விமலாராணி எழுந்தார். அவமானத்தில் காதெல்லாம் சூடாக இருந்தது. தப்பாகச் சொல்லி ஒரு குடும்பத்தை நோகடித்துவிட்டோமே என்று வாசலுக்கு வந்து, செருப்பில் ஒரு காலை விட்டார். மற்ற கால் இன்னும் சிமென்டுத் தரையில் இருந்தது. கரண்டு திரும்ப வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அவருடைய வெறுங்காலுக்கடியில் தரை அதிர்ந்தது.

அப்படியே நின்றார். செருப்பிலிருந்த காலையும் வெளியே எடுத்து வைத்துப் பார்த்தார். உள்ளங்கால் வழியாக முழங்கால் வரைக்கும் நடுக்கம் ஏறியது. பிறந்ததிலிருந்து அந்தத் தரையில் தூங்கும் குழந்தை. அது நின்றால் விழிப்பு வராதா? தரையில் விழுந்த சோற்றுக் குண்டாவும் தரையில் தட்டிய டப்பாவும் அவளுக்கு எப்படித் தெரிந்தன என்பதும் அந்த நிமிடத்தில் விளங்கியது.

திரும்பி உள்ளே போய்ச் சொல்லலாமா என்று தயங்கினார். உள்ளே, ஜெயித்த குரலில், சுந்தரராஜுலு பேசிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னால் வீம்புக்குச் சொல்வதாகத்தான் ஆகும். நாளைக்கு மானசாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை மானசா குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். மாமனாருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டதால் அனுப்பிவிட்டாராம். வீட்டில் விருந்தாளிகள் வருவதால் நிற்க நேரமில்லை என்று ஓடிவிட்டாள். அன்று எடை பார்க்கும் நாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி எடைமேடையில் நிறுத்தி எழுத வேண்டும். பத்தரை மணிக்கு முட்டை வந்தது. விமலாராணிதான் கேட்டைத் திறந்து அட்டைகளை வாங்கி வைத்தார். கேட்டைச் சாத்தினார். கொக்கியைப் போட்டோமா என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. போடவில்லை என்றுதான் கடைசியில் எழுதிக்கொடுத்தார்.

பதினேழாவது பெயர் சைத்ரா. நிமிர்ந்து பார்த்தார். அறையில் இல்லை. சமையல்கட்டில் இல்லை. வாசலில் இல்லை. கேட்டு ஒரு சாண் திறந்திருந்தது.

“அக்கா! புள்ளைகளப் பாத்துக்குங்க, கதவத் தாழ் போட்டுக்குங்க!” என்று கத்திவிட்டு ரோட்டுக்கு ஓடினார்.

ரோட்டில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். “என்னங்க டீச்சர்?” என்று விசாரித்து, ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். “சைத்ரா! ஏ சைத்ரா!” என்று தெரு முழுக்கக் கத்தினார்கள். விமலாராணியும் கத்தினார். இருந்த பெரிய குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினார். இரண்டு சந்து தாண்டும் வரைக்கும் கத்திவிட்டு, சட்டென்று வாயை மூடினார்.

யாரைக் கூப்பிடுகிறோம்? அவளுக்கு எதுவும் கேட்காது. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காது. இவர்கள் கத்துவதைக் கேட்டு அவள் வரப்போவதில்லை. நாம்தான் அவள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

எங்கே போயிருப்பாள்? விமலாராணி செருப்பைக் கழற்றி எறிந்தார். நடு ரோட்டில் வெறுங்காலோடு நின்றார். பக்கத்திலிருந்த ஆள் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். இடப்பக்கம் எல்லாம் வீடுகள். தரை சும்மா கிடந்தது. வலப்பக்கம் நாலு அடி வைத்தார். ஒரு மெல்லிய நடுக்கம். இன்னும் பத்தடி. கூடியது. மூலையில் நூல் கிடங்கு. அதன் முன்னால் ஒரு லாரி மூட்டை இறக்கிவிட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பின்னால் வந்து திரும்புவதற்குத் தயாராக நின்றது.

டிரைவர் முறையாகத்தான் செய்தார். இரண்டு முறை நீளமாக ஹாரன் அடித்தார். கண்ணாடியில் பார்த்தார். அவ்வளவு தாழ்வில் நிற்பது எதுவும் கண்ணாடியில் தெரியாது. பின் டயருக்கு ஒரு முழம் தள்ளி, லாரியின் பின்பலகைக்குக் கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, நெற்றியையும் வைத்துக்கொண்டு சைத்ரா நின்றிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

லாரி ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் நகர்ந்தது.

விமலாராணி எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள்: டீச்சரம்மா ஓடிப்போய், குழந்தையைப் பக்கவாட்டில் இழுத்து, அவளோடு சேர்ந்து மண்ணில் விழுந்தார். முழங்கை கிழிந்தது. லாரி அவர் புடவை முந்தானையை மிதித்துத்தான் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, பார்த்து, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.  சைத்ரா மட்டும், தன் விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று கோபமாகக் காலை உதைத்தாள்.

பால்வாடிக்குத் திரும்பியதும் ராசாத்தாள் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, “டீச்சரு, கொழந்தைக்கு ஒரு கீறலும் இல்லீங்க. லாரிக்காரன் சொல்லமாட்டான். ரோட்டுல நின்னவீங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். அந்த ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிரும்” என்றார்.

விமலாராணி முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.  “போனாப் போகுதுங்கக்கா” என்றார். “இத மறைச்சா, அந்தப் புள்ளைக்கு ஏன் ஹாரன் கேக்கலீங்கறதையும் மறைக்கோணும்.”

அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, கேட்டுக் கொக்கியைப் போடாதது தன் தப்பு என்பதிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார்.

சுந்தரராஜுலு எழுந்து நின்றுவிட்டார். அன்று அவர் வாயில் ‘ங்க’ வரவில்லை. “ஒரு கொழந்தையப் பாத்துக்கத் துப்பில்ல. இதுல எங்க ஊட்டுப் புள்ளைக்குக் கொறை சொல்ல வந்துட்டே! உன்ற ஆபீஸ்ல பேசிக்கறேன், போ!”

விமலாராணி நகரவில்லை. மானசாவைப் பார்த்துத்தான் பேசினார். “அம்மணி, நீ ஒண்ணு மட்டும் பண்ணு. ஞாயித்துக்கெழமை தறி ஓடாதில்ல? கொழந்தையக் கட்டில்ல உக்கார வை. நீ பின்னால நில்லு. கட்டிலத் தொடாத, தரையத் தட்டாத, நெழலு விழுகாமப் பாத்துக்க. கூப்பிடு. அவ்வளவுதான். நான் சொல்றத நம்ப வேண்டாம். நீயே பாரு.”

புகார் போனது. இரண்டு நாளில் மெமோ வந்தது. மேற்பார்வையாளர் நேரில் வந்து ராசாத்தாளிடமும் அக்கம்பக்கத்திலும் எழுதி வாங்கிப் போனார். ஞானமுத்து அந்த மெமோவைப் படித்துவிட்டு, “நீ சொன்னது பொய்யாப் போச்சுன்னா என்ன விமலா பண்ணுவே?” என்று கேட்டார்.

“பொய்யாப் போகோணும்னுதான் செபிக்கறேன்” என்றார் விமலாராணி.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மானசா விமலாராணி வீட்டு வாசலில் நின்றாள். இடுப்பில் சைத்ரா. தோளில் ஒரு பை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“முப்பது தடவை கூப்பிட்டேனுங்கக்கா” என்றாள். டீச்சர் என்பது அக்காவாகியிருந்தது. “கடைசில கத்துனேன். என்ற தொண்டை போயிருச்சு. அவ பொம்மையத் துணி மாத்தி வெளையாடிட்டே இருந்தா. வாங்கக்கா, போலாம். ஊட்டுல, ஈரோட்டுக்கு அம்மா ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.”

கோயமுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை நடக்கும் அறைக்கு வெளியே அவர்கள் பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். குழந்தை தூங்கினால்தான் அந்தப் பரிசோதனை எடுக்க முடியும். தலையிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் கொடுத்து, மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். தூக்க மருந்து கொடுத்தார்கள். சைத்ரா பாதியைத் துப்பிவிட்டாள். மடியில் போட்டு ஆட்டினார்கள். தோளில் போட்டு நடந்தார்கள். கண் செருகும், உடனே திடுக்கிட்டு விழிக்கும். பன்னிரண்டாயிற்று. ஒரு மணியாயிற்று. பரிசோதனை செய்யும் பெண், “இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கறனுங்க. இல்லீன்னா அடுத்த மாசம்தான் தேதி கிடைக்கும்” என்றார்.

அடுத்த மாதம். அதற்குள் வீட்டில் தெரிந்துவிடும். மறுபடி மானசாவை விடமாட்டார்கள். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மா அழுவதைப் பார்த்துக் குழந்தை இன்னும் விழித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் தாழ்வாரத்தின் கோடியில் ரவிதேஜா வந்தான். கையில் வண்டிச் சாவி. மானசா எழுந்து, குழந்தையோடு இரண்டடி பின்னால் போனாள். விமலாராணி நடுவில் போய் நின்றுகொண்டார்.

“தம்பி, இங்க சத்தம் போடாதீங்க. எதுனாலும் என்னயச் சொல்லுங்க.”

“சத்தம் போட வரலீங்க டீச்சர்” என்றான் அவன். மூச்சு வாங்கியது. “ஈரோட்டுக்கு போன் பண்ணேன், வரலீன்னாங்க. நேத்து இவ கூப்பிட்டதை நானும் கதவுக்கு அக்கட்டால நின்னு கேட்டனுங்க. இங்கதான் வந்திருப்பாங்கன்னு தோணுச்சு.” மகளைப் பார்த்தான். “தூங்கலீங்களா?”

“மூணு மணி நேரமா ஆட்டறோம்.”

“இங்க தரை ஆடாதுங்க. அதான்.”

சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கினான். வெளியே மர நிழலில் நின்ற தன் பைக்கில் ஏறி உட்கார்ந்து, அவளைப் பெட்ரோல் டேங்கின்மேல் கவிழ்த்துப் படுக்கவைத்து, ஒரு துண்டை அடியில் மடித்து, வண்டியை ஸ்டார்ட் செய்தான். நகரவில்லை. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டான். ஒரு காவலாளி வந்து, “ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குள்ள என்னங்க இது?” என்று அதட்டினார். விமலாராணி அவரைக் கும்பிட்டு, “அஞ்சு நிமிஷமுங்க, கொழந்தைக்கு வைத்தியமுங்க” என்றார். நாலாவது நிமிடத்தில் சைத்ராவின் கை தளர்ந்து தொங்கியது.

ரவிதேஜா அவளை அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

நாற்பது நிமிடம் கதவு திறக்கவில்லை.  திறந்தபோது அந்தப் பெண் உட்காரச் சொன்னார். இரண்டு காதிலும் மிகக் கடுமையான செவித்திறன் குறைவு, பிறவியிலிருந்தே இருந்திருக்கும் என்றார். மானசா, “தப்பு எங்க மேலயாங்க?” என்று கேட்டாள். “தப்பு யார் மேலயும் இல்லீங்க. ஆனா நேரம் கம்மியா இருக்குது. பேச்சக் கத்துக்கற மூளை இந்தச் சின்ன வயசுலதான் நல்லா வளையும். மொதல்ல காதுல மெஷின் வெச்சுப் பழக்கலாம். அது பத்தலீன்னா காதுக்குள்ள கருவி வெக்கற ஆபரேஷன். அரசு காப்பீட்டுலயே செய்யலாம். ஒரு மாசங்கூட வீணாக்காதீங்க” என்றார்.

ரவிதேஜா தலையைக் குனிந்து அந்த ரிப்போர்ட்டையே பார்த்தான். பிறகு, “நானு நாலு வயசுல பேசுனேன்னு அப்பா சொல்றது பொய்யிங்க டீச்சர்” என்றான். “ரெண்டு வயசுலயே பேசிட்டேன்னு எங்க அத்தை சொல்லியிருக்காங்க. அன்னைக்கு நான் சும்மா தலையாட்டிட்டேன்.”

சுந்தரராஜுலு ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. ஆபரேஷன் என்றதும் முதலில் முடியாது என்றார். மகன், “நான் கையெழுத்துப் போட்டுட்டனுங்கப்பா” என்று மட்டும் சொன்னான். அந்த வீட்டில் அவன் அப்பாவைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான்.

மெஷின் வைத்து மூன்று மாதம் பார்த்தார்கள். போதவில்லை. மூன்றே கால் வயதில் வலது காதில் ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறிய பிறகு கருவியை வெளியே மாட்டி முதன்முதலில் இயக்கியபோது விமலாராணி அங்கே இல்லை. மானசா சொல்லித்தான் தெரியும். குழந்தை சிரிக்கும் என்று எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அவள் பயந்து அலறி, கருவியைப் பிடுங்கி எறிந்து, அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாளாம்.

கருவி வைத்தால் பேச்சு வந்துவிடும் என்று தெருவில் நினைத்தார்கள். அப்படி வரவில்லை. வாரம் இரண்டு நாள் கோயமுத்தூரில் பயிற்சி. மீதி நாளெல்லாம் வீட்டில். தட்டை எடுத்தால் ‘தட்டு’, தண்ணீர் ஊற்றினால் ‘தண்ணி’ என்று நாளெல்லாம் ஒரே வார்த்தையை நூறு முறை சொல்ல வேண்டும். தறிச்சத்தத்தில் அந்தக் கருவிக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும் என்றார்கள். எனவே மகனும் மருமகளும் நாலு தெரு தள்ளி, தறி இல்லாத ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். முதல் வாரம் சைத்ரா தூங்கவே இல்லை. ரவிதேஜா தினமும் பைக்கை ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது.

விமலாராணி மீதான விசாரணை அதற்குள் முடிந்திருந்தது. கொக்கியைப் போடாதது கவனக்குறைவு என்று முடிவானது. வேலை போகவில்லை. ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தி, துடியலூர்ப் பக்கம் ஒரு மையத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவர் எதிர்த்து மனுப்போடவில்லை. “நான் செஞ்சது தப்புதானே. லாரி இன்னும் ஒரு முழம் வந்திருந்தா?” என்று ஞானமுத்துவிடம் சொன்னார். இப்போதும் சில சமயம் பேருந்தில் போகும்போது அவர் உள்ளங்கை வியர்த்துப்போகும்.

சுந்தரராஜுலு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் சோமனூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தபோது நின்று, “உங்கள மாத்தோணும்னு நான் கேக்கலீங்க” என்று மட்டும் சொன்னார். “தெரியுமுங்க ஐயா” என்றார் விமலாராணி. அவர் ஏதோ சொல்ல வந்து, பஸ் வந்துவிட்டதால் கையைக் காட்டி இவரை ஏறச் சொன்னார்.

போன மார்ச் மாதம் ஒருநாள் மதியம். புதிய மையத்தில் குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மானசா போன் செய்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் பேசாம இருங்க. போனை அவகிட்டப் பிடிக்கறேன்.”

சைத்ராவுக்கு அப்போது நாலரை வயது. பயிற்சி தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகியும் ‘ம்மா’, ‘ப்பா’, ‘தா’ என்பதைத் தாண்டி எதுவும் தெளிவாக வந்திருக்கவில்லை. போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் மானசாவின் குரல்: “சொல்லு தங்கம். டீச்சருக்குச் சொல்லு. தண்ணி. சொல்லு, தண்ணி.” மூச்சு. ஏதோ தட்டிவிடப்படும் சத்தம். “தண்ணி சொல்லு கண்ணு, ஒரே ஒருக்கா.”

“வேண்டா!”

அடிவயிற்றிலிருந்து வந்த எரிச்சலான, முழுசான வார்த்தை.

“காலைல இருந்து இதயேதானுங்கக்கா சொல்றா” என்றாள் மானசா. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “எதச் சொல்லச் சொன்னாலும் வேண்டாங்கறா. நாங்க யாரும் சொல்லிக் குடுக்கலீங்க இத!”

விமலாராணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருடைய சோமனூர்ச் சிரிப்பு. பாயில் கிடந்த மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே, “இன்னொருக்கா சொல்லச் சொல்லு அம்மணி” என்றார்.